பம்புக்கும் மின்வெட்டுக்கும் நடுவே: தானாக இயங்கும் ஊரில் யார் சொல்வது செல்லும்?

கேள்வி இது: புதுச்சேரியில் சிக்னல், தெருவிளக்கு, மழைநீர் பம்பு, மின்விநியோகம், ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது என்று ஒவ்வொன்றாகத் தானியங்கியாக மாறப்போகின்றன. ஒன்று இடும் உத்தரவு இன்னொன்றின் உத்தரவுக்கு நேர் எதிராக இருந்தால் எது செல்லும்? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செயற்கை நுண்ணறிவை உட்கார வைத்தால் தீர்ந்துவிடாதா?

தீராது. எதை எதற்காக விட்டுக்கொடுக்கலாம், எதை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைப் பதில் சொல்லவேண்டிய மனிதர்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதாத ஊரில் எவ்வளவு பெரிய மூளையை வாங்கி வைத்தாலும் அது ஊகித்துக்கொண்டுதான் இருக்கும். எழுதி வைத்துவிட்டால், ஆபத்தான மோதல்களில் பலவற்றை ஒரு சாதாரண ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சின்ன சுவிட்ச், தடுத்துவிடும். கடலூர் சிப்காட் பக்கம் ரசாயன ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வேலை செய்பவன் நான். ஆலைக்குள் இதே சிக்கலோடு பல காலமாக வாழ்கிறோம். அங்கிருந்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மழை இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இந்திரா காந்தி சதுக்கம், ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்குவது அதற்கு முன்பும் நமக்குப் பழக்கம்தான். அப்படி ஓர் இடத்தில் இரண்டு தானியங்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாய்க்காலில் நீர்மட்டம் ஏறியதும் தானாக ஓடும் பம்பு. மற்றொன்று, தெருவோரத்தில் வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டியை, அதாவது பில்லர் பாக்ஸைத் தண்ணீர் தொட்டதும் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. மழை பெய்கிறது, பம்பு ஓடுகிறது. தண்ணீர் இன்னும் ஏறுகிறது, பில்லர் பாக்ஸை எட்டுகிறது. மின்சாரம் போகிறது. அதே ஃபீடரில், அதாவது அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் அதே லைனில்தான் பம்பும் இருக்கிறது, ஆகவே பம்பும் நிற்கிறது. பம்பு நின்றதால் தண்ணீர் மேலும் ஏறுகிறது. தண்ணீர் இறங்காததால் மின்சாரமும் திரும்ப வருவதில்லை.

இதில் எந்தக் கருவி தவறு செய்தது? எதுவும் இல்லை. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பது ஒரு துறையின் கடமை. வீட்டுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்பது இன்னொரு துறையின் கடமை. இரண்டும் சரிதான். இதைச் சுலபமான மோதல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரவில், அந்த நேரத்தில் இதற்கு நல்ல தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. மின்சாரத்தை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து, நிறுத்தினால் முதல் மாடி வரை தண்ணீர். இதற்கான விடை ஆறு மாதத்துக்கு முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டிய வேலையில் இருக்கிறது: பம்புக்குத் தனி ஃபீடர், அதன் பேனல் போர்டு வெள்ளமட்டத்துக்கு மேலே, பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர். மோதலைத் தீர்ப்பதைவிட மோதவே விடாமல் பிரித்து வைப்பது மேல் என்பதைத்தான் நான் முதலில் வலியுறுத்துவேன். அதற்குத் தேவையானது ஒரு வரைபடம்: எந்தச் சேவை எந்தச் சேவையை நம்பி ஓடுகிறது என்று காட்டும் படம். ஒவ்வொரு துறையிடமும் தன் கருவிகளின் படம் இருக்கும். இரண்டு துறைகளுக்கு நடுவிலுள்ள கோடுகளைக் காட்டும் படத்தை வரைவது எந்தத் துறையின் வேலைப்பட்டியலிலும் இருக்காது.

இரண்டு சேவைகள் ஒரே கருவியைப் பிடித்து இழுக்கும் மோதல் எளிதில் கண்ணில் படும். ஒரே சிக்னலை ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் பச்சையாக்கச் சொல்கிறது, பேருந்து முன்னுரிமைத் திட்டம் அந்தப் பக்கம் பச்சையாக்கச் சொல்கிறது என்றால் மென்பொருளே கண்டுபிடித்துவிடும். பம்பும் பில்லர் பாக்ஸும் மோதுவது அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு துறை, ஒன்றுக்கொன்று ஒரு செய்தியும் அனுப்பிக்கொள்வதில்லை. தெருவில் நிற்கும் தண்ணீர் வழியாகத்தான் அவை மோதுகின்றன. பெரும் சேதம் வருவது இந்த வகையில்தான். தொலைபேசித் துறையினர் 1980களிலேயே இதைச் சந்தித்தார்கள். கால் வெயிட்டிங்கும் கால் ஃபார்வர்டிங்கும் தனித்தனியே ஒழுங்காக வேலை செய்தன. ஒரே இணைப்பில் இரண்டையும் போட்டதும், லைன் பிஸியாக இருக்கும்போது வரும் அழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. அதை ஆராயத் தனித் துறையே உருவானது. நகரத்தில் அதே கேள்வி உயிரோடு விளையாடுகிறது.

எவ்வளவு கொடூரமாக விளையாடும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த விபத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1995 அக்டோபர் 25, சிகாகோ அருகே ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற சிற்றூர். தண்டவாளத்தைத் தாண்டியதும் உடனே ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்பு, அங்கே சிக்னல். பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைக் கடந்து சிவப்பு விளக்குக்கு நின்றது. அதன் பின்பகுதி தண்டவாளத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் வருவது தெரிந்ததும் ரயில்வே கருவி சாலை சிக்னலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். சிக்னல் உடனே பேருந்துப் பக்கத்துக்குப் பச்சை கொடுத்துத் தண்டவாளத்தைக் காலி செய்ய வேண்டும். தகவல் போனது. ஆனால் சிக்னல், சாலையைக் கடக்கும் நடையாளிகளுக்கு உரிய நேரத்தைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் மாற முடியும். அதுவும் ஒரு பாதுகாப்பு விதிதான். பேருந்துக்குப் பச்சை கிடைத்தபோது ரயில் வந்து சேரச் சில விநாடிகளே மிச்சம் இருந்தன. ஏழு மாணவர்கள் இறந்தார்கள்.

அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ரயில்வே தன் பக்கம் கொடுத்த எச்சரிக்கை நேரம் எவ்வளவு, சாலை சிக்னல் மாறத் தேவைப்பட்ட நேரம் எவ்வளவு என்பதை ரயில்வேயும் சாலைத் துறையும் உட்கார்ந்து பேசிப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதே அதன் சாரம். ஒரு பக்கம் ஒரு துறை, மறுபக்கம் ஒரு துறை, நடுவில் ஒரு கம்பி. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள விநாடிகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலியார்பேட்டை ஏ.எப்.டி. ரயில்வே கேட் மூடினால் கடலூர் சாலையில் வண்டிகள் எப்படி வரிசை கட்டும் என்பது அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இனி அந்தச் சாலையின் சிக்னல்கள் போக்குவரத்தைப் பார்த்துத் தாமாகப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாக மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வரிசை நீள்கிறது என்று கேமரா பார்க்கிறது. வரிசையைக் குறைக்க அந்தத் திசைக்கு அதிகப் பச்சை கொடுக்கிறது. கேட் மூடியிருப்பது சிக்னலுக்குத் தெரியாது. ஆகவே மூடிய கேட்டை நோக்கி இன்னும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கேட்டின் நிலையை சிக்னலுக்குச் சொல்ல ஒரே ஒரு தொடர்பு போதும். அந்தத் தொடர்பைக் கேட்கவேண்டிய துறை மாநில அரசில், கொடுக்கவேண்டிய துறை மத்திய அரசில் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் இது மிகச் சிறிய வேலை. கோப்பில்தான் பெரியது.

கடலூர்க்காரர்களுக்கு ரயில்வே கேட் என்றதும் செம்மங்குப்பம் நினைவுக்கு வரும். 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் உள்ள இடத்தில் கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சையாகும், பச்சையாகிவிட்டால் கேட்டைத் திறக்க முடியாது. இன்டர்லாக் இல்லாத இடத்தில் நிலைய அதிகாரிக்கும் கேட் ஊழியருக்கும் நடுவே நடக்கும் தொலைபேசிப் பேச்சும் அதில் சொல்லப்படும் ரகசிய எண்ணும்தான் பாதுகாப்பு. ஒரு மனிதரின் வாய்ச்சொல்மேல் அவ்வளவு உயிர்களை ஏற்றி வைப்பது அந்த மனிதருக்கும் அநியாயம், வேனில் போகும் குழந்தைகளுக்கும் அநியாயம். இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி இன்டர்லாக்குக்குக் காப்புரிமை பெற்றது 1856இல். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அனுமதிகளை ஒரே நேரத்தில் கொடுக்கவே முடியாதபடி இரும்புக் கம்பிகளை வைத்தே அன்று செய்துகாட்டினார்கள். கணினி வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே கிடைத்த விடை இது. நம் ஊர்வரை அது முழுதாக வந்து சேரவில்லை.

ஆகவே நகரச் சேவைகளின் விதிகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். முதல் வகையில் பேரம் கிடையாது. அவற்றுக்கு மதிப்பெண் போட்டு எடைபார்க்கக் கூடாது. எவ்வளவு போக்குவரத்து நெரிசல் ஆனாலும், எவ்வளவு மின்சாரம் மிச்சமானாலும் அவை உடையக் கூடாது. அவற்றைக் காக்கும் கருவி, நகரத்தை நடத்தும் மென்பொருளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். ரசாயன ஆலையில் உற்பத்தியை நடத்தும் கணினி வேறு, வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் ஆலையை ட்ரிப் செய்யும், அதாவது உடனே நிறுத்தும், கருவி வேறு. அதன் சென்சார் வேறு, வால்வு வேறு. நடத்தும் கணினி குழம்பினாலும் காக்கும் கருவி குழம்பக் கூடாது என்பதால்தான் இந்தப் பிரிவினை. சாலை சிக்னலிலும் இது உண்டு. நல்ல சிக்னல் பெட்டிக்குள் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அப்பால் ஒரு தனிக் கண்காணிப்புக் கருவி இருக்கும். எதிரெதிர் திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை போனால், கணினி என்ன சொன்னாலும் கேட்காமல் எல்லா விளக்கையும் மினுக்கும் நிலைக்குத் தள்ளிவிடும். அந்தச் சந்திப்பில் அதன்பிறகு வண்டிகள் மெதுவாகத்தான் நகரும். ஆனால் யாரும் பச்சையை நம்பிப் போய் மோத மாட்டார்கள். டெண்டரில் செயற்கை நுண்ணறிவு சிக்னல் என்று எழுதும்போது இந்தச் சின்னப் பெட்டியையும் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் கவலை தருவது மின்கம்பம். வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும்போதும் வில்லியனூரில் தேர் வரும்போதும் தேர் கம்பியில் பட்டு யாருக்கும் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்று தேர் போகும் பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் எல்.சி., அதாவது லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற லைன் கிளியர் அனுமதி, வாங்குவதும் இதே காரணத்துக்குத்தான். இப்போது வரும் நவீன மின்விநியோகத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு பகுதிக்கு மின்சாரம் போய்விட்டால், பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் விலக்கி, வேறு ஃபீடர் வழியாக மற்ற வீடுகளுக்குத் தானாக மின்சாரம் கொடுக்கும். நல்ல வசதி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேருக்காகவோ லைன்மேனுக்காகவோ நிறுத்திய கம்பிக்கும் பழுதால் நின்ற கம்பிக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தானியங்கிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால், கம்பத்தின்மேல் ஆள் இருக்கும்போதே அது அக்கறையோடு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இதற்குத் திரையில் ஒரு குறிப்புப் போட்டு வைப்பது போதாது. எல்.சி. கொடுத்த நிமிடத்தில் தானாக மூடும் வசதி அந்த லைனில் செயலிழக்க வேண்டும். சுவிட்சில் கைப்பூட்டு விழ வேண்டும். சாவி கம்பத்தில் ஏறுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அவர் இறங்கி வந்து திறக்காமல் எந்த மென்பொருளாலும் திறக்க முடியக் கூடாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். பாதுகாப்புப் பூட்டையும் சில நேரம் திறக்கத்தானே வேண்டியிருக்கிறது? ஆமாம், வேண்டியிருக்கும். அதற்கும் ஆலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு இன்டர்லாக்கை பைபாஸ் செய்ய, அதாவது தற்காலிகமாக விலக்கி வைக்க, வேண்டுமென்றால் பைபாஸ் பதிவேட்டில் எழுத வேண்டும். யார் கேட்டார், ஏன், யார் அனுமதித்தார், எத்தனை மணிக்கு அது முடியும், அதுவரை பதிலாக என்ன காவல் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பு மாறும்போது அந்தப் பதிவேட்டைப் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் ஏற்பார்கள். நகரத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும். முக்கியப் பிரமுகர் வருகைக்காக சிக்னல்களைக் கையால் இயக்கினார்களா, மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் போக்குவரத்துத் திட்டத்தை மாற்றினார்களா, எழுதட்டும். முடியும் நேரத்தையும் எழுதட்டும். தற்காலிகமாகப் போட்ட பைபாஸ் நிரந்தரமாக நின்றுவிடுவதுதான் ஆலையிலும் நகரத்திலும் விபத்துக்குப் பழைய வழி.

இரண்டாம் வகை விதிகளில் விட்டுக்கொடுக்க இடம் உண்டு. ஓசை, புகை, காத்திருக்கும் நேரம், மின்செலவு, வெளிச்சம் போன்றவை. செயற்கை நுண்ணறிவும் கணக்கும் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். இரவு விபத்து ஒன்றால் பிரதான சாலை அடைபட்டு, லாரிகளை வேறு தெருவுக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். அந்தத் தெருவில் மருத்துவமனை இருக்கிறது, அது அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றும் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே எல்லை 40 டெசிபெல். போக்குவரத்துச் சேவை லாரியை அனுப்பச் சொல்கிறது, ஓசைக் கட்டுப்பாட்டுச் சேவை அனுப்பாதே என்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டான்கோவிச், மெய்யி மா முதலியோர் 2016 முதல் சில ஆண்டுகள் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார்கள். சேவைகள் உத்தரவிட்டதும் அவை கருவிகளுக்குப் போகுமுன் நடுவில் ஒரு காவல் மென்பொருள் அவற்றைப் பிடிக்கும். இந்த உத்தரவுகள் எல்லாம் ஒன்றாக நிறைவேறினால் அடுத்த சிறிது நேரத்தில் நகரத்தின் எந்த விதி உடையும் என்று மாதிரி ஓட்டிப் பார்க்கும். உடையுமென்றால், ஒரு சேவையை முழுதாக நிறுத்தாமல் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று பல தீர்வுகளைக் கணக்கிடும். பாதி லாரிகளை மட்டும் திருப்பலாம், வேகத்தைக் குறைத்து அனுப்பலாம், கால் மணி நேரம் தாமதிக்கலாம் என்பது போல. ஒவ்வொன்றிலும் எந்த விதி எவ்வளவு மிச்சத்தோடு நிற்கிறது, எது எவ்வளவு தவறுகிறது என்று அளந்து காட்டும். இந்த அளவுக்கு அவர்கள் பயன்படுத்தியது சிக்னல் டெம்போரல் லாஜிக் என்ற கணித மொழி. ஓடெட் மாலர், டெயான் நிக்கோவிச் இருவரும் 2004இல் முன்வைத்தது. விதி உடைந்ததா இல்லையா என்பதோடு, எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், எவ்வளவு நேரமாக என்பதையும் எண்ணாகச் சொல்ல வைக்கலாம். 41 டெசிபெல் பத்து நிமிடமும் 70 டெசிபெல் விடிய விடியவும் ஒன்றாகிவிடாது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, முடிவை இயந்திரம் எடுக்காமல் தீர்வுகளை அளந்து மனிதர் முன் வைப்பது. ஆனால் அதன் அடித்தளத்தில் ஒன்று ஏற்கனவே இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது: நகரத்தின் விதிகள் துல்லியமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் விதிகள் பலவும் "உரிய நேரத்தில்", "தேவைப்படும்போது", "பொதுமக்களுக்கு இடையூறு இன்றி" என்றுதான் இருக்கின்றன. மனிதருக்கு அது போதும். கணக்குக்கு எத்தனை மீட்டருக்குள், எத்தனை மணிக்குள், எத்தனை நிமிடம் தாண்டினால் என்பது வேண்டும். அந்த எண்களைப் போடும் வேலை அரசியல் வேலை. மென்பொருள் நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் இரவில் உட்கார்ந்து நிரப்பும் கட்டமாக அது ஆகிவிடக் கூடாது. ஓசைக்கு இவ்வளவு எடை, நெரிசலுக்கு இவ்வளவு எடை என்று யார் தீர்மானித்தது என்று தெருவாசி கேட்டால் காட்ட ஒரு தீர்மானமும் தேதியும் இருக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கும் வகையிலும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதற்குமுன் கேள்வியையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பலன் தரும். நம் கடற்கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. சுமார் ஐம்பது நாளில் பொரிக்கும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வானம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது கடல். ஹைமாஸ்ட் என்ற உயர்கோபுர விளக்கு எரிந்தால் அது சாலை. வனத்துறைக்கு இருட்டு வேண்டும். விடியற்காலையில் வலையையும் இன்ஜினையும் தூக்கிக்கொண்டு படகுக்குப் போகும் மீனவர்களுக்கும், மீன் வாங்க வந்து நிற்கும் பெண்களுக்கும் வெளிச்சம் வேண்டும். கண்காணிப்புக் கேமராவுக்கும் வேண்டும். மூன்றுமே நியாயமான கோரிக்கை. விளக்கு எரியட்டுமா அணையட்டுமா என்று மட்டும் கேட்டால் யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். எந்த உயரத்தில், எந்தத் திசையில், எந்த நிறத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டால் இடம் கிடைக்கிறது. தாழ்வான கம்பம், கடல் பக்கம் மறைப்பு, மஞ்சள் கலந்த நிறம், படகு இறங்கும் துறையில் மட்டும் அந்த நேரத்துக்கு வெளிச்சம், கேமராவுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்திலும் இது செய்யக்கூடியதே. கருவிக்கு எரி, அணை என்ற இரண்டு உத்தரவு மட்டும் தெரிந்திருந்தால் எந்த நுண்ணறிவாலும் இந்தத் தீர்வுக்கு வர முடியாது. கருவி வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், கடைசி முடிவு அவருடையது என்று சொல்லிவிடுகிறார்கள். மோதல் எட்டு விநாடியில் முடிந்துவிடும் என்றால் அந்த மனிதர் முடிவெடுக்கவில்லை, பழியை மட்டும் ஏற்கிறார். விநாடிக் கணக்கில் தீரவேண்டியதை முன்பே ஒப்புக்கொண்ட விதி தீர்க்கட்டும். நிமிடக் கணக்கில் வருவதை மனிதரிடம் கொடுங்கள், இரண்டு மூன்று தீர்வுகளோடும் ஒவ்வொன்றின் விளைவோடும். அவர் பதில் சொல்லாவிட்டால் எந்த நிலைக்குப் போவது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மணிக்கணக்கில் இருப்பது துறைகளின் பேச்சு.

ஆம்புலன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் அரசு மருத்துவமனையிலிருந்து ஜிப்மருக்கு அனுப்பப்படும் நோயாளி கடலூர் சாலையில் வந்து, மரப்பாலம் தாண்டி, நூறடிச் சாலையில் இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் கடந்து கோரிமேடு போக வேண்டும். அதே நேரத்தில் விழுப்புரம் பக்கமிருந்து இன்னொரு ஆம்புலன்ஸ் இந்திரா காந்தி சதுக்கத்துக்கு வருகிறது. எந்த நோயாளி அதிக ஆபத்தில் என்று இயந்திரம் எடைபோட்டு வழிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் சந்திப்பை நெருங்கியவருக்கு முதலில் வழி, அடுத்தவருக்கு உடனே அடுத்து. இரண்டுக்கும் இடையிலான தாமதம் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்காக மனித உயிர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை ஒரு நகரம் பழகிக்கொள்ளக் கூடாது. அங்கேயும் நடையாளி சாலையில் பாதி தூரம் வந்திருந்தால் அவர் கடந்து முடிக்கும் நேரத்தை யாருக்காகவும் வெட்டக் கூடாது. ரயில்வே கேட்டும் ஆம்புலன்ஸும் மோதினால் ரயிலுக்கே முதலிடம், ஏனென்றால் ரயிலால் நிற்க முடியாது. ஆகவே ஆம்புலன்ஸுக்குக் கேட் மூடப்போவது முன்கூட்டியே தெரிந்து வேறு வழியில் திரும்ப வேண்டும்.

அந்த ஆம்புலன்ஸ் போகும் வழியைக் கவனித்தீர்களா? பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடையிலிருந்து புதுச்சேரி, சேர்வதோ மத்திய அரசின் மருத்துவமனை. புதுச்சேரிப் பகுதியே தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுச்சேரி தேர்வானது 2017இல். அதன் கட்டளை மையம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதன் அதிகாரம் முள்ளோடையில் நின்றுவிடும். தண்ணீருக்கு எல்லை தெரியாது. ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களும் புதுச்சேரியின் பாகூர் பகுதியும் அந்த வெள்ளத்தைச் சந்தித்தன. அணை உடையக் கூடாது என்பது பேரம் பேச முடியாத விதி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிலைக்கு வருமுன் பேரம் பேசக்கூடிய விதிகள் இருந்தன: மழைக்காலத்தில் அணையில் எவ்வளவு இடத்தைக் காலியாக வைப்பது, கோடைக்கு எவ்வளவு சேமிப்பது, கீழே ஏற்கனவே 45 சென்டிமீட்டர் மழையில் மூழ்கிய ஊர்கள் இருக்கும்போது எவ்வளவு முன்னதாகத் திறக்கத் தொடங்குவது. அணையின் தானியங்கிக் கதவும் பாகூரின் எச்சரிக்கை ஒலியும் ஒரே விதிப்புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றால், இரண்டு அரசுகளும் வெயில் காலத்தில் உட்கார்ந்து அதை எழுத வேண்டும். அணை நீர்மட்டம் குறிப்பிட்ட அடியைத் தொட்டால் யார் யாருக்குக் கேட்காமலே தகவல் போகும் என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் மரப்பாலம் முதல் கோரிமேடு வரையிலான பாதையைத்தான் சொல்வேன். அதில் சிக்னல், தாழ்வான சந்திப்பு, மழைநீர் வடிகால், மின் ஃபீடர், ஆம்புலன்ஸ் எல்லாமே ஒரே கோட்டில் வருகின்றன. சற்று விலகினால் ரயில்வே கேட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே ஒரு உரிமையாளர் துறை, அதற்கு உத்தரவிடக்கூடிய சேவைகள் எவை, அவற்றின் வரிசை என்ன, தொடர்பு அறுந்தால் எந்த நிலையில் நிற்கும் என்று ஓர் அட்டவணை போடலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, துறைகளின் களப் பொறியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, பம்பு எந்த ஃபீடரில் எழுகிறது, சிக்னல்கள் எந்த நிலைக்குப் போகின்றன, கட்டுப்பாட்டு அறைக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி வருகிறது என்று கடிகாரத்தோடு நின்று பார்க்கலாம். பார்த்ததை அப்படியே நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம்.